நவம்பர் இருபத்தைந்துக்குள் காலியாக வேண்டிய தோட்டம்

ஒரே ஒரு வாக்கியத்தைச் சொல்லப் பயந்துகொண்டு நூறு நாள் வேலைக்குத் திட்டம் போடுகிறவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள். சின்னக்கா அந்த ரகம். மருத்துவமனைச் சலவைப் பிரிவில் பத்துப் பேரைக் கட்டி மேய்க்கிறவள், ஒரு விரிப்பு குறைந்தாலும் பெரிய டாக்டரிடமே போய் நியாயம் கேட்கிறவள், வீட்டுக்குள் கால் வைத்தால் மட்டும் வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொள்வாள்.

சலவைப் பிரிவில் முன்பு ஒரு பெரியக்கா இருந்ததால் இவள் சின்னக்கா ஆனாள். பெரியக்கா ஓய்வு பெற்றுப் போய் ஆறு வருடம் ஆகிறது. இவளுக்குப் பதவி வந்தது, பெயர் மட்டும் உயரவில்லை. வீட்டில் அதைவிட மோசம். நாற்பத்தொன்பது வயதிலும் அண்ணனுக்கு இவள் 'பாப்பா'.

அம்மாவுக்கு வாதம் வந்து வலது கால் இழுத்துக்கொண்டபோது அண்ணன்தான் சொன்னான். "ஒரே ஒரு வருஷம் நீ பார்த்துக்க பாப்பா. அப்புறம் நான் கூட்டிட்டுப் போயிடறேன்." அவன் ஆறு மணி நேரப் பயணத் தொலைவில் ஒரு பெரிய நகரத்தில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறான். அந்த ஒரு வருடம் இப்போது பதினோரு வருடம். நடுவில் சின்னக்காவுக்கு ஒரு கல்யாணப் பேச்சு வந்தது. அந்த மனிதர் ஒன்றரை வருடம் பொறுமையாகக் காத்திருந்தார். பிறகு வேறு இடம் பார்த்துக்கொண்டார். அவர்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை.

காலை ஐந்தரைக்கு எழுந்து அம்மாவைக் குளியலறைக்கு அழைத்துப் போவாள். ஆறரைக்கு மாத்திரை, ஏழுக்குக் கஞ்சி, ஏழரைக்குப் பகல் துணைக்கு வரும் பெண்மணி. எப்போதும் சுவரைப் பார்த்து "மணி என்ன ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருப்பதால் அவருக்குக் கடிகாரம் என்று பெயர். மாலை ஐந்து அடித்தால் கையில் பிடித்திருக்கும் கரண்டியை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார். எனவே ஐந்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே சின்னக்கா வாசலில் நிற்க வேண்டும். சினிமா, கடைத்தெரு, தோழி வீடு எல்லாம் அந்த ஐந்து நிமிடத்தில் அடங்கினால் உண்டு. அவள் குரல்வளையைப் பிடித்து யாரும் அழுத்தவில்லை. ஆனால் மாலை நேரங்களில் கதவைச் சாத்தும்போது மூச்சு முட்டுவது போல் இருக்கும். சன்னலைத் திறந்து வைப்பாள். "குளிருது, மூடுடி" என்பாள் அம்மா. மூடிவிடுவாள்.

இந்த ஆகஸ்டில்தான் கதவு ஒன்று திறந்தது. முன்பு இதே மருத்துவமனையில் தலைமை நர்ஸாக இருந்தவர் இப்போது கடலோர ஊர் ஒன்றில் செவிலியர் கல்லூரி நடத்துகிறார். அங்கே மாணவிகள் விடுதிக்குப் பொறுப்பாளர் வேண்டுமாம். தங்க அறை உண்டு. அறைச் சன்னலைத் திறந்தால் கடல். "டிசம்பர் ஒண்ணாம் தேதி வந்து சேரணும் சின்னக்கா. அதுக்கு மேல என்னால இடத்தைப் பிடிச்சு வைக்க முடியாது" என்று போனில் சொன்னார். அன்றே அண்ணனுக்குப் பேசினாள். அவன் கொஞ்சம் இருமினான், கொஞ்சம் யோசித்தான், "நவம்பர் இருபத்தஞ்சு சனிக்கிழமை வந்து கூட்டிட்டுப் போறேன். ஆனா அம்மாகிட்ட இப்பவே சொல்லிடாதே" என்றான்.

அம்மாகிட்ட சொல்லாதே என்பது அந்தக் குடும்பத்தின் பழைய சட்டம். அப்பா இருந்த காலத்தில் வீடு மாறியதே லாரி வந்து வாசலில் நின்ற பிறகுதான் அம்மாவுக்குத் தெரியும். வாதம் வந்த பிறகு சட்டம் இன்னும் இறுகியது. இரத்த அழுத்தம் ஏறிவிடும் என்று பூனைக்குட்டி செத்ததைக்கூட மூன்று வாரம் மறைத்தார்கள். சரி, சொல்லாவிட்டால் அம்மா கிளம்புவாளா? அங்கேதான் தோட்டம் வருகிறது.

வீட்டுக்குப் பின்னால், மதில் வரைக்கும், நான்கு பாத்திகள் போடும் அளவுக்கு இடம் உண்டு. அம்மாவின் அறைச் சன்னல் அதைப் பார்த்துத்தான் இருக்கிறது. அண்ணன் இதற்கு முன் இரண்டு தடவை அழைத்துப் போகவென்று வந்திருக்கிறான். முதல் தடவை, "கேரட் இன்னும் மண்ணுக்குள்ள இருக்கே, அதை விட்டுட்டா?" என்றாள் அம்மா. இரண்டாம் தடவை முட்டைக்கோஸ் பாதி உருண்டிருந்தது. "இது முத்தட்டும், பார்ப்போம்." அண்ணனும் விட்டது தொல்லை என்று காபியைக் குடித்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான்.

ஆகவே சின்னக்கா கண்டுபிடித்த வழி இது. இந்தத் தடவை நவம்பர் இருபத்தைந்தாம் தேதி மண்ணில் ஒரு கீரைக்காம்புகூட நிற்கக் கூடாது. சாக்குச் சொல்ல ஒன்றும் இல்லாவிட்டால் அம்மா என்ன செய்வாள்? வேறு யாராவது என்றால் அம்மாவின் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து விஷயத்தைச் சொல்லியிருப்பார்கள். இவள் கட்டம் போட்ட தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

இலையுதிர்காலத் தோட்டத்தில் கணக்குப் பின்னாலிருந்துதான் ஓடும். மற்றவர்கள் முதல் உறைபனி விழும் நாளை வைத்து எண்ணுவார்கள். சின்னக்கா அண்ணன் வரும் நாளை வைத்து எண்ணினாள். விதைப் பொட்டலத்தில் கேரட்டுக்கு எழுபது நாள் என்று போட்டிருந்தது. ஆனால் பகல் குறுகிக்கொண்டே போகும் பருவத்தில் செடிகள் சோம்பிக் கிடக்கும், எதற்கும் இரண்டு வாரம் கூட்ட வேண்டும். ஆக எண்பத்து நான்கு. பின்னோக்கி எண்ணினால் செப்டம்பர் இரண்டு. கொத்தமல்லிக்கு அக்டோபர் இரண்டு. பசலைக்கீரைக்குச் செப்டம்பர் இருபத்தேழு. முள்ளங்கி அவசரக்காரி, அக்டோபர் பாதி வரைக்கும் தவணை தவணையாகப் போடலாம். முட்டைக்கோஸ் கிடையாது, அது போன தடவை காலை வாரியது. புதினா வேண்டவே வேண்டாம், அதைப் பிடுங்கி முடிப்பதற்குள் ஆயுசு முடிந்துவிடும். ஏற்கெனவே ஓரத்தில் படர்ந்திருந்ததையும் தொட்டியில் பெயர்த்து வைத்தாள், அண்ணனோடு வண்டியில் அனுப்பிவிடலாம் என்று.

அம்மா சன்னலிலிருந்து பார்த்தாள். "என்னடி இது, ஒரு வருஷமும் இல்லாத திருநாளா தாளும் பென்சிலுமா அலையறே?"

"ஒழுங்கா போடலாம்னுதாம்மா."

"போடு போடு. உனக்கும் பொழுது போகணுமே."

செப்டம்பர் இரண்டாம் தேதி கேரட் விதைத்தாள். கோடை வெயில் இன்னும் மண்ணை விட்டுப் போகவில்லை. கேரட் விதை மணலைவிடப் பொடி. மேல்மண் ஒரு மதியம் காய்ந்தாலும் முளை கருகிவிடும். ஆகவே வரிசைமேல் நனைத்த சாக்கை விரித்து, அதன்மேல் பலகை வைத்து மூடினாள். காலையில் வேலைக்குப் போகுமுன் ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை தூக்கிப் பார்த்தாள். ஒன்பதாம் நாள் தலைமுடி போலப் பச்சை தெரிந்தது. பசலை விதையை ஈரத்துணியில் சுற்றி நாலு நாள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து ஏமாற்றித்தான் முளைக்க வைக்க முடிந்தது. வெந்நீர்ப் பையும் மாத்திரைப் பெட்டியும் வைக்கும் அலமாரியில் இப்போது விதைப் பொட்டலங்களும் தேதி எழுதிய ஐஸ் குச்சிகளும் ஏறின.

தோட்டம் அருமையாக வந்தது. வினையே அங்கேதான் ஆரம்பம். அம்மா நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு நாளைக்கு இரண்டு தடவை பின்கதவு வரை வர ஆரம்பித்தாள். கீரை சூப்பை இன்னொரு கிண்ணம் கேட்டாள். டாக்டர் இரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு "பேஷ்" என்றார். "உன் கைராசிடி. உன்னை மாதிரி எவளும் தோட்டம் போட முடியாது" என்று அம்மா சொன்னபோது சின்னக்கா உள்ளே போய்க் கட்டம் போட்ட தாளை எடுத்து மறுபடி நாளை எண்ணினாள். அம்மாவை அனுப்பப் போட்ட தோட்டம் அம்மாவைக் கெட்டியாகப் பிடித்து வைத்துக்கொண்டால்? கேரட்டில் களை எடுக்கும்போதெல்லாம், தன் கையாலேயே தன்னைச் சுற்றி வேலி கட்டுகிறோமோ என்று தோன்றும். எழுந்து போய்விடவும் முடியாது. களை எடுக்காமல் விட்டால் கேரட் தாமதமாகும், கேரட் தாமதமானால் தேதி தவறும்.

அக்டோபர் பாதியில் முதல் முள்ளங்கிப் பாத்தி முடிந்தது. பிடுங்கி, மண்ணைக் கொத்தி, மதிலோரம் உதிர்ந்த இலைகளை அள்ளிக் கொட்டி மூடினாள். காலியான பாத்தியைப் பார்க்க நெஞ்சு லேசானது. ஒன்று முடிந்தது, மூன்று பாக்கி. நவம்பர் முதல் வாரம் கொத்தமல்லியும் கீரையில் பாதியும் தீர்ந்தன. அதன்மேலும் இலை. உறைபனி முன்கூட்டியே வரும் என்று வானொலியில் சொன்ன அன்று, மருத்துவமனையில் கழித்துப் போட்ட விரிப்புகள் ஆறைக் கேட்டு வாங்கி வந்து மிச்சக் கீரைமேல் போர்த்தினாள். காலையில் பார்த்தால், முத்திரை குத்திய வெள்ளைத் துணிக்குக் கீழே வரிசையாக நோயாளிகள் படுத்திருப்பது போலவே இருந்தது. வேலை வீட்டுக்கும் வந்துவிட்டது என்று கடிகாரம் சிரித்தார். சின்னக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை.

பதினெட்டாம் தேதி, சனிக்கிழமை. இன்னும் ஒரே வாரம். கடைசிக் கேரட் வரிசையைப் பிடுங்கக் கூடையோடு போனவள் முள்ளங்கிப் பாத்தியைப் பார்த்து நின்றுவிட்டாள். இலைமூடாக்கைத் துளைத்துக்கொண்டு பச்சை முளைகள், விரல் நீளம், சாண் இடைவெளியில், நூல் பிடித்தாற்போல் நாலு வரிசை. இலையை விலக்கி ஒன்றைக் கிளறினாள். பூண்டு.

பூண்டு என்றால் என்ன என்று தோட்டம் போடுகிறவர்களுக்குத் தெரியும். இலையுதிர்காலத்தில் ஊன்றி, குளிர்காலம் முழுவதும் மண்ணுக்குள் தூங்க விட்டு, அடுத்த கோடையில்தான் தோண்டி எடுக்க வேண்டும். எட்டு மாதம். அவள் கொத்தமல்லிப் பாத்திக்கு ஓடினாள். அங்கேயும் இலையை விலக்கினால் இப்போதுதான் மூக்கை நீட்டுகிற முளைகள்.

அடுப்படியில் கடிகாரம் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தார். அவரிடம் போய்க் கேட்டாள். "யார் ஊன்றினது?"

"நான்தான் சின்னக்கா. பெரியம்மா கதவுகிட்ட நாற்காலி போட்டு உட்கார்ந்து சொல்லச் சொல்ல ஊன்றினேன். நீங்க ஒரு பாத்தியைக் காலி பண்ணினா மறுநாளே இதுதான் வேலை. உங்ககிட்ட சொல்லாதேன்னு சொல்லிட்டாங்க." சுவரைப் பார்த்தார். "மணி என்ன ஆச்சு?"

ஆக அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. கிளம்ப மாட்டேன் என்பதை மண்ணில் எழுதிக் காட்டிவிட்டாள். அப்படித்தான் சின்னக்கா புரிந்துகொண்டாள். அந்த வாரம் முழுக்க அவள் அம்மாவிடம் நாலு வார்த்தைக்கு மேல் பேசவில்லை. சலவைப் பிரிவில் துணி மடிக்கும்போது கை தன்பாட்டுக்கு மடித்தது. ராஜினாமாக் கடிதம் மட்டும் பையில் மடித்தபடியே கிடந்தது. ஒரு மதியம் பூண்டையெல்லாம் பிடுங்கி எறிந்துவிடலாம் என்று பாத்தியருகே போய்க் குனிந்தாள். சன்னலில் அம்மாவின் முகம் தெரிந்தது. அம்மா கையாட்டினாள். இவளும் ஆட்டிவிட்டு, நாலு காய்ந்த இலையைப் பொறுக்கிக்கொண்டு திரும்பினாள்.

இருபத்தைந்தாம் தேதி பதினோரு மணிக்கு அண்ணன் வந்தான். பள்ளிக் காரையே எடுத்து வந்திருந்தான். வந்தவன் நேரே பின்பக்கம் போய் நின்று, ஏதாவது நிற்கிறதா என்று பார்த்தான். பாவம், அவனுக்கும் சாக்கு வேண்டியிருந்தது.

"இது என்ன பாப்பா, பூண்டா?"

அம்மா கதவோரம் நாற்காலியில் இருந்தாள். "நான்தான் போடச் சொன்னேன். வர்ற கோடையில எடுக்கணும்."

அண்ணனின் தோள் இரண்டும் இறங்கின. முகம் தெளிந்தது. "அப்படியா? அப்போ பூண்டு எடுத்ததும் வந்து கூட்டிட்டுப் போறேன். இவ்வளவு ஆசையா வெச்சிருக்கிறவங்களைப் பாதியில கிளப்பினா பாவம் இல்லையா பாப்பா? அந்த வேலை தர்றவங்ககிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிப் பாரேன்." கடைசி வரியைக் குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

ஒருத்தன் பதினோரு வருடமாக இதையே செய்தால் தங்கையாக இருந்தாலும் அறையலாம். சின்னக்கா அறையவில்லை. அம்மாவின் பக்கம் திரும்பினாள். "ஏம்மா பூண்டு போடச் சொன்னே?"

"உனக்காகத்தான்."

"எனக்கா?"

"பின்னே? நீ ஒவ்வொண்ணா பிடுங்கி மூடிட்டு வர்றே. குளிர்காலம் பூரா வெறும் மண்ணைப் பார்த்துட்டு உட்கார்ந்திருந்தா உனக்குப் பைத்தியம் பிடிக்காதா? உனக்குன்னு வேற என்னடி இருக்கு? புருஷனா, பிள்ளையா? இந்தத் தோட்டமும் நானும்தானே?" அம்மா மகனைப் பார்த்தாள். "இவளைத் தனியா விட்டுட்டு நான் எப்படிடா வருவேன்? நீ வந்தப்பல்லாம் கேரட்டு, கோஸுன்னு எதையாவது சொல்லி உன்னைத் திருப்பி அனுப்பினது எதுக்குன்னு நினைச்சே?"

சின்னக்கா கதவுப்படியில் உட்கார்ந்தாள்.

"அம்மா, எனக்கு வேற ஊர்ல வேலை கிடைச்சிருக்கு. ஒண்ணாம் தேதி சேரணும். எனக்குப் போகணும்மா."

சொல்லிவிட்டாள். கூரை இடிந்து விழவில்லை. அண்ணன் பதறிப்போய் அம்மாவின் நாடியைப் பிடிக்க வந்தான். அம்மா அவன் கையைத் தட்டிவிட்டாள்.

"எப்போலேர்ந்து?"

"ஆகஸ்ட்ல சொன்னாங்க."

"வேலையைக் கேக்கலை. போகணும்னு எப்போலேர்ந்து இருக்கு?"

சின்னக்கா படியில் ஒட்டியிருந்த மண்ணை நகத்தால் சுரண்டினாள். பிறகு, "ரெண்டாவது வருஷத்துலேர்ந்து" என்றாள்.

அம்மா அவளையே பார்த்தாள். கண் கலங்கியது, ஆனால் குரல் கலங்கவில்லை. "சொல்றதுக்கு உனக்கு வாய் இல்லையா?"

"உனக்கு ஏதாவது ஆயிடுமோன்னு..."

"எனக்கு என்ன ஆகும்? இவன் வீட்டு பால்கனியில நாள் பூரா வெயில் வருமாம். அந்த வெயில்ல உட்கார்ந்திருப்பேன். எத்தனை வருஷமா அந்த ஆசை!" அம்மா மூக்கைச் சிந்தினாள். "நீ தாங்க மாட்டே, அழுவேன்னு நான் வாயைத் திறக்கலை."

யாரும் யாரையும் பிடித்து வைத்திருக்கவில்லை. இரண்டு பெண்கள், ஒரே வீட்டுக்குள், ஒருத்திக்காக ஒருத்தி என்று சொல்லாமலேயே பதினோரு வருடத்தைச் சாப்பிட்டுவிட்டார்கள். சின்னக்காவுக்குச் சந்தோஷம் வரவில்லை. கோபம்தான் வந்தது. யார்மேல் காட்டுவது என்று தெரியாத கோபம்.

"அம்மா, அங்க உன் ரூம்ல பெயிண்ட் வேலை நடக்குது. ஒரு பத்து நாள் கழிச்சு..." என்று அண்ணன் ஆரம்பித்தான்.

"பெயிண்ட் வாசனை எனக்குப் பிடிக்கும். பையை எடு."

கிளம்ப ஒன்றரை மணி நேரம் பிடித்தது. மாத்திரைகள், கம்பளி, நடைச்சட்டம், இரண்டு செருப்பு, மருத்துவமனைச் சீட்டுகள். சின்னக்கா அம்மாவின் துணிகளை மடித்து வைத்தாள். முதல் தடவையாக அவள் மடிப்பில் முனை சேரவில்லை. அம்மா தோட்டத்துப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பூண்டைப் பற்றிப் பேச்சே இல்லை. காரில் ஏற்றி உட்கார வைக்கும்போது மகளின் கன்னத்தை ஒரு தரம் அழுத்தித் தடவினாள். "வேளாவேளைக்குச் சாப்பிடு" என்றாள். அவ்வளவுதான்.

அது கற்றுக்கொடுக்கும் கார். கற்றுத்தருகிறவர் உட்காரும் பக்கத்திலும் காலடியில் ஒரு பிரேக் உண்டு. "அம்மா, அதுமேல கால் படாம வெச்சுக்க" என்று அண்ணன் சொல்லி, இழுத்துக்கொண்ட காலைக் கையால் தூக்கி ஓரமாக வைத்தான். வண்டி புறப்பட்டது. சின்னக்கா வெளிக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பத்தடிகூடப் போயிருக்காது, கார் குலுங்கி நின்றது.

ஐயோ, அம்மா மனசு மாறிட்டாளா என்று சின்னக்கா பதறினாள்.  இறங்கிவிடாதே, இறங்கிவிடாதே என்று உதடு தானாக முணுமுணுத்தது.

அண்ணன் சன்னல் வழியாகக் கையை நீட்டி, "ஒண்ணுமில்லை பாப்பா, பிரேக்ல கால் பட்டுடுச்சு" என்று கத்தினான். கார் மறுபடி நகர்ந்து, தெருமுனை திரும்பிப் போனது.

கார் நின்ற அந்த ஒரு நொடியில், பெற்ற தாயைத் திரும்பி வந்துவிடாதே என்று தான் வேண்டிக்கொண்டது சின்னக்காவுக்கு அதற்குப் பிறகுதான் உறைத்தது. வெளிக்கதவிலேயே சாய்ந்துகொண்டு, எதிர்வீட்டுக்காரர்கள் பார்க்கிறார்களே என்ற எண்ணம்கூட இல்லாமல், அவள் ஓவென்று அழுதாள்.